கண் திறந்த படம்

முக்காலிக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. புது லென்ஸைக் கேமராவில் மாட்டுவாள், கழற்றுவாள், பழையதை மாட்டுவாள், ஜன்னலுக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்ப்பாள், திரும்பி வந்து மறுபடி புதியதை மாட்டுவாள். மேஜையில் வைத்த டீ ஆறி ஆடை கட்டிக் கிடந்தது.

முக்காலி என்பது அண்ணன் வைத்த பெயர். வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் மூலையில் முக்காலியை விரித்துக்கொண்டு, அதற்கு நான்காவது கால் மாதிரி பக்கத்திலேயே நிற்பாள் என்பதால். பிறந்தநாள், கல்யாணம், பள்ளிக்கூட விழா என்று படம் எடுப்பதுதான் அவள் பிழைப்பு. ஊரார் குடும்பத்தையெல்லாம் அழகாக எடுத்துக் கொடுத்தவளுக்குத் தன் வீட்டுப் படம் ஒன்று மட்டும் கைகூடவில்லை.

அண்ணன் அன்று மத்தியானம் வருகிறான். வெளிநாட்டில் இருப்பவன், ஆபீஸ் வேலையாக வந்திருக்கிறான். விமானம் ஏறுமுன் கொஞ்ச நேரம் அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருந்தான். தம்பியும் வருகிறான். அம்மா கூப்பிட்டால் அவனால் தட்ட முடியாது. இருவரும் அப்பா போன நாளிலிருந்து பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த செய்தி அண்ணனுக்குத் தாமதமாகத்தான் போனது. அவன் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முக்காலியும் அப்போது வெளியூரில் ஒரு கல்யாண வேலையில் இருந்தாள். அண்ணனுக்குத் தம்பி சொல்லியிருப்பான் என்றே நினைத்துவிட்டாள். ஏன் சொல்லவில்லை என்று அண்ணன் இன்றுவரை கேட்கவில்லை. தம்பியும் தானாக வாயைத் திறக்கவில்லை. இருவரும் ஒரே அச்சில் வார்த்த வீம்புக்காரர்கள்.

"ரெண்டு பேரும் ஒரே நாள்ல வராங்க," என்றாள் அம்மா. "நடுவுல நான் உட்கார்ந்துக்கறேன். ஒரே ஒரு படம் எடுத்துடு. இந்தத் தடவையாவது நான் கண்ணை மூடாம இருக்கிற மாதிரி."

அம்மாவுக்கும் ஃப்ளாஷுக்கும் ஜென்மப் பகை. வெளிச்சம் அடிப்பதற்கு ஒரு கணம் முன்னாலேயே அவள் கண் தானாக மூடிக்கொள்ளும். கல்யாணப் படத்திலிருந்து அடையாள அட்டை வரை அம்மா எல்லாவற்றிலும் தூங்கிக்கொண்டிருந்தாள். ஃப்ளாஷ் இல்லாமல் எடுக்கலாம் என்றால், அந்த வீட்டில் இருப்பது ஒரே ஜன்னல், அதையும் எதிர்க் கட்டடம் அடைத்துக்கொண்டு நிற்கிறது. கேமராவோடு வந்த பழைய லென்ஸ் அந்த இருட்டில் தடுமாறும். கேமராவை முக்காலியில் வைத்து நிதானமாக எடுக்கலாம் என்றால், வயதான அம்மாவின் தலை ஓயாமல் மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும், முகம் கலங்கிவிடும். கேமராவின் ஒளி உணரும் திறனை ஏற்றினாலோ படம் முழுக்க மணல் தூவினாற்போல் ஆகிவிடும்.

அதனால்தான் அவள் முந்தின நாள் கேமராக் கடைக்குப் போனாள். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து அந்த ஜூம் லென்ஸை இரண்டு கையாலும் எடுத்து, தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்துக் கொடுப்பதுபோல் கொடுத்தார். தடித்த, கனத்த லென்ஸ். ஜூமின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே அளவுக்கு வெளிச்சத்தை வாரிக்கொள்ளும்.

"வெளிச்சத்துக்கு இதை அடிச்சுக்க ஆள் இல்ல," என்றார் கடைக்காரர். "ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இது பெரிய கேமராவை மனசுல வச்சு செஞ்சது. உங்க கேமராவுல படம் பதியற சென்சார் சின்னது. லென்ஸ் காட்டறதுல நடுப்பகுதிதான் அதுல விழும், ஓரமெல்லாம் வெட்டுப்படும். வெளியில எடுக்கறவங்களுக்குக் கவலையில்ல. நீங்க அறைக்குள்ள எடுக்கறவங்க. எடுத்துட்டுப் போய்ப் பாருங்க, நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒத்துவருதா இல்லையான்னு சொல்லிடுங்க. இன்னொருத்தரும் கேட்டுட்டு இருக்கார்."

அவள் பார்க்காமலா விட்டாள்? வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கடைப் பலகைகளை எடுத்தாள். மதில் மேல் படுத்திருந்த பூனையை எடுத்தாள். அதன் மீசை ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம்போல் வந்தது. வீட்டில் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தாள். ஃப்ளாஷ் இல்லை. அம்மாவின் இரண்டு கண்ணும் பளிச்சென்று திறந்திருந்தன. அம்மா கேமராவின் சின்னத் திரையை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "எனக்கு இப்படித்தான் கண்ணு இருக்குமா?" என்று கேட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். இரவு படுக்கும்போது ஒரு சந்தேகம் வந்து குடைந்தது. அம்மாவின் இருபுறமும் இருவர் நின்றால் அடங்குமா? அடங்கும், அடங்கும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நாற்காலிக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள், அந்தப் பக்கம் ஒரு ஆள், தாராளமாக இடம் இருக்கிறது. ஆனாலும் மனம் ஆறவில்லை. விடிந்ததும் எழுந்து மாட்டுவதும் கழற்றுவதுமாக ஆரம்பித்தவள்தான்.

தம்பிதான் முதலில் வந்தான். வந்தவன் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டான். சற்று நேரத்தில் அண்ணன் ஒரு பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தான். அம்மாவைக் கட்டிக்கொண்டான், "என்ன முக்காலி, இளைச்சுட்ட," என்றான், ஜன்னலோரம் போய் நின்றான். அம்மா நடுவில். அறைக்கு இரண்டு கோடி இருந்தது ஆளுக்கு ஒன்றாகப் போயிற்று. அண்ணன் கேட்பதெல்லாம் அம்மாவை, தம்பி பதில் சொல்வதெல்லாம் அம்மாவுக்கு. தபால்காரரை வைத்துப் பேசுவதுபோல் இருந்தது.

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தான். "டாக்ஸி வந்துரும்மா."

"எடுத்துடலாம், எடுத்துடலாம்," என்று முக்காலி பரபரத்தாள். ஜூமை அகலமான கோடிக்குத் திருகிக் கண்ணில் வைத்தாள். அம்மா வந்தாள். அம்மாவுக்கு இந்தப் பக்கம் வெறும் சுவர், அந்தப் பக்கம் வெறும் சுவர்.

ஒரு அடி பின்னால் போனாள். அண்ணனின் கை மட்டும் உள்ளே வந்தது. இன்னும் பின்னால் போனாள். செருப்பு அலமாரி முதுகில் இடித்தது. கதவைத் திறந்து மாடிப்படிக்குப் போய்ப் பார்த்தாள். நிலைச்சட்டம் இரண்டு பக்கமும் மறைத்தது. மறுபடி உள்ளே வந்து அலமாரியை நகர்த்தினாள், செருப்புகள் சரிந்தன, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். அப்போதும் அண்ணன் பாதி, தம்பி பாதிதான்.

அப்போதுதான் அவளுக்குத் தன் தவறு உறைத்தது. கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பூனையை அளந்தாள், பலகையை அளந்தாள், அம்மாவை அளந்தாள். இவர்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை மட்டும் அளக்கவில்லை. அவள் மனத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே போர்வைக்குச் சண்டை போட்ட காலத்தைப் போலவே இன்னும் ஒட்டிக்கொண்டே நின்றிருந்தார்கள்.

"அண்ணா, கொஞ்சம் உள்ள வாயேன்."

"நீ பின்னாடி போ."

"பின்னாடி சுவருதான் இருக்கு."

"அக்கா, அந்தப் பழைய லென்ஸைப் போடேன்," என்றான் தம்பி. கல்லூரி நாட்களில் அவளுக்குக் கேமராப் பை தூக்கியவன். அவனுக்கு எல்லாம் தெரியும். "அதுல இங்கேருந்தே எல்லாரும் வந்துருவோம்."

பை காலடியிலேயே கிடந்தது. மாற்ற ஒரு நிமிடம் ஆகாது. "அதுக்கு ஃப்ளாஷ் வேணும். அம்மா கண்ணை மூடிடுவாங்க," என்றாள்.

"நான் ஒண்ணும் மூட மாட்டேன்," என்றாள் அம்மா ரோஷமாக. "போடு அதை."

போட்டாள். நிஜமாகவே எல்லோரும் அடங்கினார்கள். அண்ணன் ஜன்னலோரம் முழுதாக, தம்பி சமையலறை வாசலில் முழுதாக. அம்மா கண்ணை அகல விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஃப்ளாஷ் அடித்தது. திரையில் அம்மா மூச்சைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்து அண்ணன் சிரித்துவிட்டான். அதே நேரத்தில் அந்தக் கோடியில் தம்பியும் சிரித்தான். இரண்டு சிரிப்பும் அச்சு அசல் அப்பாவுடையது. சிரித்தது தெரிந்ததும் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

முக்காலிக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தில் அம்மாவுக்கு இருபுறமும் கிடந்த வெறும் சுவரைப் பார்த்தாள். மூன்று பேரும் வந்திருந்தார்கள்தான். ஒரே பஸ் நிறுத்தத்தில் மூன்று வெவ்வேறு பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி. இதையா அம்மா சுவரில் மாட்டித் தினம் பார்ப்பாள்? அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பழைய லென்ஸைக் கழற்றிப் பைக்குள் போட்டாள், புதியதை மாட்டினாள்.

"இதுலதான் எடுக்கப்போறேன். இதுல அடங்கணும்னா கிட்ட வந்து நில்லுங்க. வேற வழியில்ல."

யாரும் அசையவில்லை. கீழே டாக்ஸி ஹாரன் அடித்தது.

"எனக்கு அடுத்த தடவைன்னு ஒண்ணு இருக்கோ இல்லையோ," என்று அம்மா பொதுவாகச் சொன்னாள். ஜன்னலையும் பார்க்கவில்லை, வாசலையும் பார்க்கவில்லை.

முதலில் தம்பி வந்தான், நாற்காலியின் இடது கையைப் பிடித்துக்கொண்டு. பிறகு அண்ணன் வந்தான், வலது பக்கம், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு. முக்காலி அழுத்தினாள், பெரிதாக்கிப் பார்த்தாள். அம்மா துல்லியம். தம்பி துல்லியம். அண்ணன் முகம் மட்டும் மங்கலாக இருந்தது. வெளிச்சத்துக்காக வாயை அத்தனை அகலமாகத் திறக்கும் லென்ஸுக்கு இது ஒரு கெட்ட பழக்கம்: ஒரே வரிசையில் இருப்பவரைத்தான் தெளிவாகக் காட்டும், கொஞ்சம் தள்ளி நின்றாலும் கரைத்துவிடும்.

"அண்ணா, நீ பின்னால நிக்கற. மங்கலா வர்ற. இவன் பக்கத்துல, இவன் தோளோட தோளா வா."

அண்ணன் வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே, முதல் தடவையாக, நேராகத் தம்பியைப் பார்த்துக் கேட்டான்.

"ஏன்டா எனக்குச் சொல்லல?"

முக்காலி கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினாள். இப்போது இவன் ஏதாவது ஏடாகூடமாகச் சொன்னால் அண்ணன் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான், அத்தோடு சரி.

தம்பி நாற்காலியின் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். "போனை எடுத்து உன் பேரு வரைக்கும் வந்துட்டேன். ஒவ்வொரு தடவையும். டாக்டர் வந்து ஏதாவது நல்லதா சொல்லுவார், அப்புறம் சொல்லிக்கலாம்னு வச்சுட்டேன். உன்கிட்ட சொல்லிட்டா அது நிஜமாயிடும்னு இருந்துச்சு. அங்க நான் ஒருத்தன்தான் இருந்தேன். எனக்குப் பயமா இருந்துச்சுண்ணா."

மன்னித்தேன் என்று அண்ணன் சொல்லவில்லை. கீழே மறுபடி ஹாரன் அடித்தது. அவன் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்து, அம்மாவின் பின்னால், தம்பியின் பக்கத்தில் நின்றான். இடம் போதவில்லை. இருவரும் அம்மாவின் மேல் சாய வேண்டியிருந்தது. முக்காலி அவர்களுடைய முகத்துக்கு ஃபோகஸைக் கொஞ்சம் நகர்த்தி, மூச்சை அடக்கி, அழுத்தினாள்.

பிறகு எல்லாம் தடபுடலாக நடந்தது. பெட்டியைத் தம்பி தூக்கினான். கொடு என்று அண்ணன் கையை நீட்டினான், அப்புறம் விட்டுவிட்டான். இருவரின் செருப்புச் சத்தமும் படியில் கலந்து இறங்கியது. ஜன்னலிலிருந்து பார்த்தபோது டாக்ஸிக் கதவு திறந்தே கிடந்தது, டிரைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார், அவர்கள் இருவரும் இன்னும் வெளியே நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

முக்காலி அப்புறம்தான் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அண்ணன் துல்லியம். தம்பி துல்லியம். இருவர் கண்ணிலும் ஈரம். நடுவில் அம்மா, ஃப்ளாஷ் இல்லை, ஒன்றும் இல்லை, கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அலைந்த அலைச்சல் என்ன, தூங்காத இரவு என்ன. ஒன்றே ஒன்று கேட்டாள் அம்மா.

அந்த நேரம் பார்த்துக் கடைக்காரரின் போன் வந்தது. "என்னம்மா, ஒத்துவருதா?"

"இல்லண்ணே. நீங்க சொன்ன மாதிரிதான். எங்க மாதிரிச் சின்ன வீட்டுல மூணு பேரை எடுக்க முடியாது. சுவரை இடிச்சாத்தான் உண்டு. கொண்டுவந்து கொடுத்துடறேன்."

"ஒரு படம்கூட நல்லா வரலையா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். "ஒண்ணு வந்திருக்கு," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அம்மா நாற்காலியை விட்டு இன்னும் எழுந்திருக்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு திறந்திருக்காடி?"

"ம்ம். நல்லா திறந்திருக்கும்மா."

"பொய் சொல்லாத. நான்தான் மூடினேன், எனக்குத் தெரியாதா?" அம்மா தன் தோள் இரண்டையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "ரெண்டு பசங்களோட கனமும் இங்க இருந்துச்சு. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்னு மூடிக்கிட்டேன். நீ அவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு பெருசா பிரிண்ட் போட்டுக் கொடு."