மூன்றாம் நம்பர் அடித்த கோல்

அந்தக் கால்பந்து ரசிகர் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேர வருகிறவர் மர நாற்காலிமேல் ஏறி நின்று மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒன்று தப்பினாலும் உறுப்பினர் அட்டை கிடையாது. அட்டை இல்லாவிட்டால் வரும் ஞாயிறு இறுதி ஆட்டத்துக்கு மைதானத்தில் மன்றத்துக்கென்று ஒதுக்கிய ஸ்டாண்டில் இடமும் கிடையாது. இருபத்திரண்டு வருஷம் கழித்து அணி இறுதி ஆட்டத்துக்கு வந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவள், அந்த ஓர் இடத்துக்காகத்தான் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள்.

துணைக்கு அண்ணன் வந்திருந்தான். மேட்ச் ஆரம்பித்த பத்தாவது நிமிஷம் குறட்டை விடுகிற ஆள். ஆனால் அவனைக் கண்டதும் மன்றச் செயலாளருக்கு வாயெல்லாம் பல்.

"வாங்க சார், ஏறுங்க! எந்த இடத்துல ஆடுறவங்களைப் பிடிக்கும்?"

"கோல்கீப்பர்," என்றான் அண்ணன். அவனுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான்.

"நம்ம ஆளு!" மற்ற இரண்டு கேள்விகள் அவன் பெயரும் போன் நம்பரும். அட்டை கைக்கு வந்துவிட்டது. அண்ணன் அசடு வழிய இறங்கிப்போய்ச் சுவரில் சாய்ந்து போனை நோண்டத் தொடங்கினான்.

"மேடம், நீங்க சாரோட வந்தீங்களா?"

"சேர வந்திருக்கேன்."

வாசலில் அரட்டை அடித்துக்கொண்டிருந்த எட்டுப் பேரும் வேடிக்கை பார்க்க உள்ளே வந்தார்கள். அவள் நாற்காலியில் ஏறினாள். நாற்காலியின் ஒரு கால் ஆடியது. அண்ணன் நின்றபோதும் அது ஆடியிருக்க வேண்டும், ஆனால் யாரும் அவன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. செயலாளர் மேஜையிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்தார்.

"பதினெட்டு வருஷம் முன்னாடி, அரையிறுதி. ரெண்டாவதா மாத்தி இறக்கின ஆள் யாரு? எத்தனாவது நிமிஷம்?"

"பதினாலாம் நம்பர். அறுபத்தாறு."

"வீட்டுக்காரர் நல்லா உருப்போட வெச்சிருக்கார்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அதை இவர்களிடம் ஏன் சொல்ல வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சரி, கொட்டுற மழையில ஆடினோமே, அந்த மழை ஆட்டம். ஜெயிச்ச கோல் யாரோடது?"

அவர் கையிலிருந்த புத்தகம் அவள் எழுதியது. ஒன்பது வருஷமாக 'பழைய பந்து' என்ற புனைபெயரில் அணியின் பழைய, புதிய ஆட்டங்கள் ஒவ்வொன்றையும் இணையத்தில் பதிந்துவருகிறாள். அதைத்தான் இவர்கள் அச்செடுத்து அட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். மழை ஆட்டத்தின் கோல் ஒன்பதாம் நம்பருடையது என்று அதில் இருக்கிறது. பழைய செய்தித்தாளை நம்பி அவளே எழுதியது. போன வாரம்தான் அந்த ஆட்டத்தின் வீடியோ கிடைத்தது. நிறுத்தி நிறுத்தி நாற்பது தடவை பார்த்தாள். ஒன்பதாம் நம்பர் பந்தைத் தொடவே இல்லை. அடித்தது தற்காப்பில் நின்ற மூன்றாம் நம்பர். திருத்தத்தை எழுதி போனில் வைத்திருந்தாள். எந்த ரிசல்ட்டையும் இன்னொரு முறை பார்க்காமல் கையெழுத்துப் போடாத வேலைப் பழக்கத்தால் இன்னும் வெளியிடவில்லை.

'ஒன்பது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமை அவளுடையது. ஆனால் அவள் பிழையை அவளிடமே ஒப்பிக்கச் சொல்கிறார்களே!

"மூணாம் நம்பர்."

சிரிப்பு கூரையைப் பிய்த்தது. "தப்பு மேடம், ஒன்பது. இதை எழுதினது யாரு தெரியுமா? பழைய பந்து. அந்த மனுஷன் தப்பே பண்ண மாட்டார்."

"பண்ணியிருக்கேன்," என்றாள். "நான்தான் தப்பா எழுதினேன்."

யாரோ விசிலடித்தார்கள். அவள் போனை எடுத்து, திருத்தத்தை ஒருமுறை வாசித்து, பதிவிட்டாள்.

ஒரு சட்டைப் பையில் போன் மணி ஒலித்தது. அப்புறம் எட்டுப் பைகளிலும். பழைய பந்து எழுதினால் உடனே தெரிய வேண்டும் என்று எல்லோரும் அப்படி வைத்திருந்தார்கள். செயலாளர் தன் போனை எடுத்துப் படித்தார்: மழை ஆட்டத்தின் கோல் மூன்றாம் நம்பருடையது. முகம் வெளுத்தது. எழுந்தார். அவளைத் தாண்டி நேரே சுவரோரம் போய், போனும் கையுமாக நின்ற அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்கதானா அது? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அத்தனை சிரிப்பையும் தாங்கியவளுக்கு இதைத் தாங்க முடியவில்லை. கண் கலங்கிவிட்டது.

அண்ணன் கையை உருவிக்கொண்டான். "எனக்கு ஆஃப்சைடுன்னா என்னன்னே தெரியாதுங்க. வீட்டுல அந்த வீடியோவைப் போட்டுப் போட்டு என் உயிரை வாங்கினது இவதான்." தன் அட்டையை மேஜைமேல் வைத்தான். "இதை நீங்களே வெச்சுக்கங்க."

செயலாளர் அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டாவது பதில் சரியா, தப்பா?" அவள் இன்னும் நாற்காலியில்தான் நின்றாள்.

"சரிதான்... மேடம், இறங்குங்க, அட்டை தர்றோம்."

"மூணு கேள்வி இல்ல? மூணாவதைக் கேளுங்க. நான் எழுதாததா கேளுங்க."

செயலாளர் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். கடைசிப் பக்கமும் வந்தது. அவள் எழுதாத வரி ஒன்றுகூட அதில் இல்லை. அவள் இறங்கவில்லை.