கிணற்றடியில் கழுவிய சாக்கு

விடியுமுன் பள்ளிவாசலில் சுபஹு பாங்கு கேட்கும்போதே எங்கள் கால்கள் களிமண் குழிக்குள் இருக்கும். எட்டுப் பெண்கள். முழங்கால் வரை குளிர்ந்த சேறு. மிதி, புரட்டு, மறுபடியும் மிதி. நற்பிட்டிமுனைப் பக்கத்து ஓட்டுச் சூளையில் மனிதக் கால்தான் இயந்திரம். இடையிடையே வெள்ளைத் தூளைக் கொட்டி மிதிப்போம். அது இல்லாவிட்டால் ஓட்டில் உப்புப் பூத்து, வாங்க ஆள் வராதாம்.

தூள் வந்த சாக்குகளை, பெருநாள் கொடை என்று முதலாளி மீராசாஹிபு ஹாஜியார் எங்களுக்கே தருவார். என்ன பெரிய மனசு! சூளை வாசலில் இருந்த ஊர்க்கிணற்றடியில் அவற்றை அலசிக் காயவைத்து, வேலிக்கு மறைப்பாகக் கட்டுவோம். கிணற்றுக் கட்டு வெடித்திருந்தது. அலசிய தண்ணீர் அந்த வெடிப்பு வழியே கிணற்றுக்குள்ளேயே இறங்கியது. அதைத்தான் தெரு முழுக்கக் குடித்தோம்.

முதலில் வீட்டுக்கு வீடு வாந்தி. பிறகு எங்கள் தெரு ஆயிஷா உம்மா மௌத்தானார்; மையத்தை அடக்கிவிட்டு வந்தோம். போன கிழமை, எங்களோடு சேறு மிதிக்கும் றுகையாவின் புருஷன் பக்கீர் முகைதீன், ஓடு அடுக்கிக்கொண்டிருந்தபோது கால் விளங்காமல் விழுந்தான். இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கிணற்றுத் தண்ணீரைக் கொழும்புக்கு அனுப்பிப் பார்த்த டொக்டர், அதில் பேரியம் என்ற நஞ்சு இருக்கிறது, வெள்ளைத் தூளும் அதுதான் என்று சொல்லிவிட்டார். நேற்று முதலாளியிடம் போய் நியாயம் கேட்டவள் றுகையா ஒருத்திதான்.

இன்று விடியவே அவர் கடதாசியோடும் மைப்பெட்டியோடும் குழி ஓரத்தில் வந்து நின்றார்.

"றுகையா, மேல வா. சாக்க நீதான் கழுவின, சூளைக்குச் சம்பந்தமில்ல எண்டு இதுல எழுதியிரிக்கி. கைநாட்டு வை. இல்லாட்டி பொலிசுக்குப் போகும். ஒரு உசிர் போயிரிக்கி, விளங்குதா?"

றுகையா சேற்றுக் காலோடு மேலே ஏறினாள். "ஓம் ஹாஜியார், நான் கழுவினதான். யா அல்லாஹ், என்ட கையாலயே என்ட மனிசனுக்கு நஞ்சு குடுத்திரிக்கன்! சுண்ணாம்பெண்டுதானே சொன்னீங்க?"

"சாக்குலதான் இங்கிலீசில எழுதியிரிக்கே."

"இங்கிலீசு தெரிஞ்சா உங்கட சேத்த ஏன் மிதிக்கம்?" என்று குழிக்குள்ளிருந்து கத்தினாள் லைலா.

றுகையா அழுதுகொண்டே பெருவிரலை மையில் தொட்டாள். என் வேலியிலும் அந்தச் சாக்குகள் தொங்குகின்றன. ஏறி வந்து அவள் கையைப் பிடித்தேன்.

"நானும் கழுவின, ஹாஜியார்."

"செல்லத்தங்கம், இது எங்கட முஸ்லிம் ஆக்கள்ட விசயம். நீ உன்ட வேலையப் பாரு."

"அந்தத் தண்ணியத்தான் நானும் குடிச்ச."

"நானும் கழுவின," என்று லைலா ஏறி வந்தாள். பின்னால் சகாயம்மா. ஒவ்வொருத்தியாக எட்டுப் பேரும் கரைக்கு வந்துவிட்டோம்.

றுகையா விரல் மையைச் சேலையில் துடைத்தாள். "எழுதுறண்டா எட்டுப் பேரையும் எழுதுங்க. தூளக் கொண்டுவந்த ஆளிட பேர மேல எழுதுங்க. பொலிசுக்கு நாங்களே போறம்."

முதலாளி கடதாசியைப் பார்த்தார். அதில் ஒரு பெயருக்குத்தான் இடம் விட்டிருந்தார்.

கிணற்றுக் கயிற்றை அறுத்து, வாயைத் தென்னோலையால் மூடிக் கட்டினோம். பொலிசில் யார் பேச்சு எடுபடுமோ தெரியாது. பக்கீர் முகைதீனின் கால் இன்னும் அசையவில்லை. சேறு காயாத பதினாறு கால்கள் கல்முனை ரோட்டில் ஏறின.