முழங்காலை மடக்கி நின்றவன்

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு ஜோடி முழங்கால். முதலிலேயே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

மொன்டானாவில் நான் வெகுகாலமாகக் குடியிருக்கும் ஊரில் ஒரு துப்பாக்கிக் கடை உண்டு. நாய்த்தீனியும் அங்கேதான் கிடைக்கும், அதனால் அடிக்கடி போவேன். போன இலையுதிர் காலத்தில் ஒருநாள், ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒரு மனிதர் அங்கே துப்பாக்கியின் பின்கட்டையை மட்டும் எடுத்துத் தோளில் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தவர் முழங்காலை மடக்கி, உட்காரவும் இல்லாமல் நிற்கவும் இல்லாமல் குட்டையாகி, மறுபடியும் வைத்துப் பார்த்தார். கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் நாய்த்தீனியை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அவர் யாரோ எவரோ. ராய்ஸ் என்று பெயர் வைத்துவிட்டேன். ஆடு வளர்ப்பவன் என்றும் முடிவு செய்துவிட்டேன். இனிமேல் 'அவன்'தான், மன்னிக்கவும்.

2

முதல் தொடக்கம்: "துப்பாக்கி என்பது மனிதனின்—"

சே. இதைப் படித்தால் நானே புத்தகத்தை மூடிவிடுவேன்.

இரண்டாம் தொடக்கம்: "ராய்ஸ் சமையலறை மேசையில் பழைய துண்டை விரித்து, அன்று தபாலில் வந்த துப்பாக்கிக் குழலை அதன்மேல் வைத்தான்." இது பரவாயில்லை. ஆனால் இதைப் படித்ததும் சென்னையிலிருந்து என் அக்கா போன் பண்ணி, "அந்த ஊர்ல இன்னும் எதுக்குடா இருக்கே, கெளம்பி வாடா" என்பாள். துப்பாக்கி வந்தவுடன் நம் ஆட்களுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. அதனால் துப்பாக்கியைக் கொடுக்கும் இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

போன பிப்ரவரியில் ஒரு மதியம், ராய்ஸ் தன் வீட்டிலிருந்த துப்பாக்கிகள் அத்தனையையும் ஒரு போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து வெண்டலின் கடை மேசைமேல் வைத்தான். வெண்டல் கடைக்காரன். இருவரும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள்.

"கொஞ்ச நாளைக்கு இத வெச்சிருடா."

"எவ்ளோ நாளைக்கு?"

"தெரியல."

"சரி. காபி குடிக்கிறியா?"

அவ்வளவுதான் பேச்சு. இங்கே ஒருவன் தன் துப்பாக்கிகளை இப்படிக் கொண்டுவந்து கொடுத்தால், 'இப்போதைக்கு என்னை நம்பி இவற்றோடு என்னைத் தனியாக விடாதே' என்று பொருள். வாங்கிக்கொள்பவன் ஏன் என்று கேட்க மாட்டான். கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று இவர்கள் நினைக்கிறார்கள். வெண்டல் எல்லாவற்றையும் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினான். பிறகு பின்பக்கம் போய் அழுதான். [இந்த வாக்கியத்தை வெட்டினேன். மறுபடியும் சேர்த்தேன். அவன் அழத்தான் செய்தான்.]

3

ராய்ஸுக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒரு வரைவில் அவன் தம்பி செத்துப்போனான். இன்னொன்றில் வசந்தத்துப் பனிப்புயலில் பாதி மந்தை போயிற்று. மூன்றாவதில் அவனுக்கும் டெல்லாவுக்கும் (டெல்லா அவன் மனைவி, இதோ வரப்போகிறாள்) ஒரு குழந்தை பிறந்து—

வேண்டாம். காரணம் சொன்னால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். 'ஓ, அதனாலா' என்று பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். காரணமே இல்லாமலும் ஒருவனுக்கு விடியாமல் போவது உண்டு. அப்படித்தான் ஆயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4

கோடை முழுக்க எதுவுமே வேண்டாமென்று கிடந்தவன், செப்டம்பரில் கடைக்கு வந்து, "புதுசா ஒரு ரைஃபிள் கட்டலாம்னு இருக்கேன்" என்றான்.

இங்கே இது பெரிய பொழுதுபோக்கு. ஒவ்வொரு குண்டுக்கும் ஒருமுறை விசையை இழுத்தால் போதும், அடுத்ததை அதுவே ஏற்றிக்கொள்ளும் வகை. பாகங்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து வீட்டிலேயே ஒன்றாகப் பொருத்துவார்கள். குழல் எது, பிடி எது, பின்கட்டை எது என்று மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். நம் வீட்டுக் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கிற கடையில் கேட்கிற அதே குரல்கள்தான்.*

ராய்ஸ் எடைகுறைந்த குழலைக் கேட்டான். மெலிந்த பிடியைக் கேட்டான். இழுக்கச் சுளுவான விசையைக் கேட்டான். பின்கட்டைக்குத்தான் முழங்காலை மடக்கி அத்தனை கூத்தும்.

"ஏன்டா, ஆட்டுக்குட்டிக்கா துப்பாக்கி செய்யற?" என்றான் வெண்டல்.

"ஆமாடா. அதுங்களும் எத்தனை நாளைக்குத்தான் ஓடிக்கிட்டே இருக்கும்."

கடையே சிரித்தது. வெண்டலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாள்கணக்கில் பட்டினி கிடந்தவன் ஊறுகாய் கேட்ட மாதிரி இருந்தது அவனுக்கு. ஆள் மீண்டுவிட்டான் என்று நினைத்தான். அலமாரியில் இருப்பதை ராய்ஸ் ஏன் திருப்பிக் கேட்கவில்லை என்று மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை. திருப்பிக் கேட்டால், இப்போது எப்படி இருக்கிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிவரும் அல்லவா?

* எல்லாப் பாகமும் தபாலில் வீட்டுக்கே வரும், ஒன்றைத் தவிர. விசை உட்காரும் கீழ்க்கூடு, எண் பொறித்த சின்ன அலுமினியத் துண்டு. சட்டத்தின் கண்ணில் அதுதான் துப்பாக்கி, மற்றதெல்லாம் வெறும் சாமான். அது கடைக்காரன் கை வழியாகத்தான் வந்தாக வேண்டும். எனக்கு இது விசித்திரமாகவே இருந்தது. இந்தக் கதைக்கு உதவுகிறது என்று தெரிந்ததும் விசித்திரம் போய்விட்டது.

5

டெல்லாவை எப்படி எழுதுவது என்று தெரியாமல் பல நாள் தள்ளிப்போட்டேன். முதல் வரைவில் அழுதுகொண்டே வந்தாள். அது அவள் இல்லை. இவள் கம்பளித் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேராக மேசைக்கு வந்தாள். மேசை அவள் மார்பு உயரம் இருந்தது.

"இன்னும் என்ன பாக்கி, வெண்டல்?"

"கீழ்க்கூடு மட்டுந்தான். நேத்து வந்துது. நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்னான். ஏம்மா?"

"யாருக்குச் செய்யறான்னு தெரியுமா உனக்கு? எனக்கு. என் கைய நீட்டச் சொல்லி அளவெடுத்தான். குட்டி போடற காலத்துல கொயோட்டி நரி வந்தா நான் சுடணுமாம்."

அப்போதுதான் வெண்டலுக்கு அந்த முழங்கால் புரிந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

"அடேங்கப்பா! நல்ல விஷயந்தானே டெல்லா? உனக்குன்னு பாத்துப் பாத்து—"

"என்ன நல்ல விஷயம்? கல்யாணம் ஆன நாள்லேருந்து குட்டி போடற காலத்துல காவல் அவன்தான். நான் எழுந்து வந்தாகூட, போய்ப் படுடின்னு வெரட்டுவான். இப்ப என்ன திடீர்னு நான் சுடறது? தண்ணி பம்ப எப்படிக் கெளப்பறதுன்னு சொல்லிக் குடுத்தான். வைக்கோல் யார்கிட்ட வாங்கணும்னு சொல்றான். ஊருக்குப் போறவன் மாதிரி சொல்றான்."

வெண்டல் மலர்ந்த முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"நீ கேட்டியா அவன?"

"கேட்டா சிரிக்கிறான். நீ கேட்டியா?"

"நான்தான் எல்லாத்தையும் பூட்டி வெச்சிருக்கேனே."

"பூட்டி வெச்சா கேட்ட மாதிரி ஆயிடுமா? பிப்ரவரிலேருந்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'எப்படிடா இருக்கே'ன்னு கேட்டியா நீ?"

கேட்கவில்லை. காபி மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தான்.

6

இங்கே வந்து மாட்டிக்கொண்டேன். எடைகுறைந்த குழல், சின்னப் பிடி, குட்டைக் கட்டை: இவை மனைவிமேல் ஆசையாகச் செய்தவையா, தான் இல்லாத நாளுக்குச் செய்த ஏற்பாடா? இரண்டுக்கும் அதே பாகங்கள்தான். நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்த பாகங்கள். எனக்கே தெரியவில்லை என்றால் சிரிப்பீர்கள்.

முடிவு ஒன்று: ராய்ஸ் தேறிவிட்டான். வசந்தம், பனி உருகுகிறது, இருவரும் தோளோடு தோள் நின்று— காலண்டர் படம். வேண்டாம்.

முடிவு இரண்டு: இதற்கு ஒரு வாக்கியம் எழுதினேன். எழுதிவிட்டு எழுந்துபோய் வாசலில் நின்றேன். வந்து அழித்தேன். கதை எழுதுகிறவனுக்கு எதையும் செய்ய உரிமை உண்டு என்பார்கள். இருக்கட்டும், அந்த உரிமை எனக்கு வேண்டாம். எனக்கு ராய்ஸைப் பிடித்துப்போய்விட்டது.

முடிவு மூன்று: "அந்தச் சாமான் இன்னும் வரலடா" என்று வெண்டல் பொய் சொல்கிறான். மனசுக்கு இதமான பொய். ஆனால் ராய்ஸ் தலையாட்டிவிட்டு அடுத்த ஊர்க் கடைக்குப் போவான். அங்கே அவனைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. இந்த முடிவைத்தான் அதிகநேரம் வைத்திருந்தேன், வெண்டலும் வைத்திருந்தான்.

7

மறுநாள் ராய்ஸ் வந்தான். தாடியை மழித்திருந்தான். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று வெண்டலுக்குப் புரியவில்லை. அவன் விவரத்தைக் கணினியில் தட்டி அரசாங்கத்தைக் கேட்டாகிவிட்டது, கொடுக்கலாம் என்று பதிலும் வந்துவிட்டது. மனசு ஒப்பாவிட்டால் கடைக்காரன் கொடுக்க வேண்டியதில்லை, அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்துச் சிநேகிதனிடம் எப்படி?

கீழ்க்கூடு மேசைமேல் இருந்தது. உள்ளங்கை அகலம்கூட இல்லை. வெண்டல் அதன்மேல் கையை வைத்தான்.

"காபி இருக்காடா?" என்றான் ராய்ஸ்.

"இருக்கு. ஊத்தறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்." வெண்டல் கையை எடுக்கவில்லை. "குட்டி போடற காலத்துல நீ இருப்பியாடா?"

"என்னடா கேள்வி இது?"

"பிப்ரவரிலயே கேட்டிருக்கணும். பயந்துட்டேன். இப்ப கேக்கறேன். சாகணும்னு தோணுதாடா உனக்கு?"

ராய்ஸ் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. கதவைப் பார்த்தான். கதவுக்கு வெளியே ட்ரக்கில் டெல்லா உட்கார்ந்திருந்தாள், அவளும் வந்திருந்தாள். பிறகு மூலையிலிருந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். அவன் உயரத்துக்கு அந்த ஸ்டூல் போதாது. முழங்கால்கள் மேசையில் இடித்தன.

அவன் வாயைத் திறக்கிறான்.

[                    ]

இதை நான் நிரப்பப் போவதில்லை. நான் வெளியூர்க்காரன், ஒரு முழங்காலைப் பார்த்துவிட்டு வந்தவன், என்ன சொன்னாலும் அது என் வார்த்தையாக இருக்கும். வெண்டலைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் மேசைக்கு இந்தப் பக்கம், அவன் நின்ற இடத்துக்கு வாருங்கள். கேள்வி கேட்டாகிவிட்டது, கஷ்டமான வேலை முடிந்தது. உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் முகமாகவே ராய்ஸின் முகம் உங்களுக்குத் தெரியலாம், தெரியட்டும். அவசரப்படாதீர்கள். அவன் எங்கே தொடங்கினாலும் நடுவில் பேசாதீர்கள். காபி ஆறினால் ஆறட்டும். அவன் சொல்லி முடிக்கிறவரைக்கும் கீழ்க்கூட்டின் மேலிருக்கும் அந்தக் கையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.