நாலு பேர் கை வைக்கிற செடி

செடி வாங்க வருகிறவர்கள் நர்சரியில் கேட்கிற கேள்விகள் எங்கேயும் அதே மூன்றுதான். மாடு கடிக்குமா, தண்ணீர் ரொம்பக் கேட்குமா, தெருவில் போகிறவர்கள் பறிப்பார்களா. மைசூரில் இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் மவுசு. விடிகிற நேரத்தில் வாக்கிங் போகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். அடுத்தவர் காம்பவுண்டைத் தாண்டி எட்டிப் பார்க்கிற கிளை எல்லாம் அவர்கள் வீட்டுச் சாமிக்குச் சொந்தம். கேட்டால் பூஜைக்கு என்பார்கள். சாமி பேரைச் சொன்ன பிறகு யார் என்ன வாயைத் திறக்க முடியும்?

காளிதாஸ் மட்டும்தான் தலைகீழாகக் கேட்டார்.

"நாலு பேர் கை வச்சுப் பறிக்கிற மாதிரி செடி வேணும்மா."

நர்சரிக்காரி மாதேவி தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துப் பெண், தமிழ் தெரியும். ஹோஸ் பைப்பைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"பறிக்காத மாதிரிங்களாண்ணா?"

"பறிக்கிற மாதிரி."

அவளுக்கு விளங்கவில்லை. எப்படி விளங்கும்? மனுஷனின் கதை தெரிந்தால்தானே! முப்பது வருஷத்துக்கு மேல் ஹெப்பாளில் ஒரு ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்த்தவர். ஊர் விழித்திருக்கும்போது தூங்கினார், ஊர் தூங்கும்போது கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். தெருவில் அவரை யாருக்கும் தெரியாது. தெருவுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் மனைவி ஜோதிமணியைத்தான். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றால் பால்காரன் முதல் எதிர்வீட்டு மாமியார் மருமகள் வரைக்கும் அவளிடம் கதை சொல்லாமல் போனதில்லை. அவள் செத்தபோது வந்த கூட்டத்தைப் பார்த்து இவரே அசந்துபோனார். காரியம் முடிந்தது, கூட்டமும் முடிந்தது. அப்புறம் அந்தக் கேட்டைத் தொட ஆளில்லை.

ஒரே மகன் பிரசாந்த், புனேயில் வேலை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். சாப்டியா, மாத்திரை போட்டியா, சரி வைக்கிறேன். அதற்குள் இவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்ளக்கூட நேரம் இருக்காது.

யாராவது ஒருத்தர் வாசலில் நின்று ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போக வேண்டும். அவர் ஆசையே அவ்வளவுதான். வலியப் போய்ப் பேசுகிற சாமர்த்தியம் கிடையாது. அதனால்தான் பூ.

"சேவந்தி தரட்டுங்களா? இப்பவே மொட்டு இருக்குது."

"மூணு மாசத்துல முடிஞ்சு போறது வேண்டாம்மா. நான் இருக்கிற வரைக்கும் இருக்கணும்."

"அப்பச் செம்பருத்தியும் வேண்டாங்க. மாவுப்பூச்சி புடிச்சுதுன்னா மனசே விட்டுப் போயிரும். நந்தியாவட்டை வைங்க, ரெண்டு நாள் தண்ணி ஊத்த மறந்தாலும் கோவிச்சுக்காது. தங்க அரளி வைங்க, மாடு மோந்துகூடப் பாக்காது. சிவன் பூஜைக்குன்னு தேடி வந்து பறிப்பாங்க. மரமா வேணும்னா பவழமல்லி. சின்ன மரந்தான், பூ தானா உதுந்துரும், கீழ பொறுக்கிக்கலாம்."

"பொறுக்கறதுக்கு நேரமாகுமா?"

"ஆகாதுங்களா பின்ன? துளித்துளிப் பூவு. கவர் நிறையணும்னா எவ்வளவு நேரம் குனியணும்!"

"அப்ப அதுல ரெண்டு குடும்மா. மத்ததுலயும் ஒண்ணொண்ணு குடு."

மாதேவி அவர் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். நல்ல வேராகப் பார்த்து எடுத்து ஆட்டோவில் அவளே ஏற்றிவிட்டாள்.

காம்பவுண்டுச் சுவரை ஒட்டிக் குழி தோண்டி எல்லாவற்றையும் வைத்தார். ஊரில் எல்லோரும் தெருப்பக்கம் நீட்டுகிற கிளையை வெட்டுவார்கள். இவர் வீட்டுப்பக்கம் நீட்டுகிறதை வெட்டினார், தெருப்பக்கம் போகிறதைக் கயிறு கட்டி இன்னும் சாய்த்துவிட்டார். கூத்துதான்! ஆனால் செடிகள் ஏமாற்றவில்லை. ஒரு கோடையைத் தாண்டி, அடுத்த மழைக்கு நந்தியாவட்டை வெள்ளையாய்ச் சிரித்தது. தங்க அரளி சுவருக்கு மேலே மஞ்சளாய்த் தொங்கியது.

ஆட்களும் வந்தார்கள். ஒரு நாள் ஸ்வெட்டர் போட்ட ஒரு அம்மாள், மறுநாள் குடைக்கம்போடு ஒரு பெரியவர். சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த காளிதாஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு, கதவைத் திறந்தார். தாழ்ப்பாள் சத்தம் கேட்டதுதான் தாமதம், அந்த அம்மாள் விட்டாள் பாருங்கள் ஓட்டம்! "பறிச்சுக்கோங்க, பரவாயில்லை!" என்று இவர் கத்த, வசவு என்று நினைத்து அவள் இன்னும் வேகமாக ஓடினாள். பெரியவர் குடையையே விட்டுவிட்டுப் போய்விட்டார். அதைக் கேட்டில் மாட்டி வைத்தார் காளிதாஸ். மறுநாள் குடையைக் காணோம், ஆளையும் காணவில்லை.

சரி, நாளாக ஆக பயம் தெளியும், ஒரு நாள் ஒருத்தராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று இருந்தார். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் புத்தி கெட்டுப்போய் வாயை விட்டார். பிரசாந்த் வைக்கிறேன் என்றதும், அவனை இன்னும் கொஞ்சம் பிடித்து நிறுத்த ஒரு விஷயம் வேண்டுமே!

"டேய், தினமும் யாராரோ வந்து நம்ம பூவைப் பறிச்சுட்டுப் போறாங்கடா."

பெருமையாகத்தான் சொன்னார். அவன் புகார் என்று எடுத்துக்கொண்டான்.

"நீ டென்ஷன் ஆகாதப்பா. நான் பாத்துக்கறேன்."

அந்த வாரமே ஒருத்தன் வந்து கேட்டுக்கு மேலே ஒரு கேமராவைப் பொருத்திவிட்டுப் போனான். வாசலில் ஆள் அசைந்தால் புனேயில் பிரசாந்தின் போன் சத்தம் போடும். அவன் அங்கிருந்து பேசினால் இங்கே கேமராவுக்குள்ளிருந்து குரல் வரும். வேண்டாம்டா என்று சொல்ல இவருக்கு நா எழவில்லை. பிள்ளை அக்கறையாகச் செய்திருக்கிறான், என்னவென்று சொல்வது?

மறுநாள் விடியற்காலை பிரசாந்தின் குரல் வாசலில் கணீரென்று கேட்டது. "யாரு ரீ அது? ஹூ கீளபேடி!" பூவைப் பறிக்காதீர்கள் என்று கன்னடத்தில் ஒரு அதட்டல். காளிதாஸ் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார். மகன்தான் வந்துவிட்டான் என்று ஒரு கணம் நெஞ்சு துள்ளியது. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தால் தெரு காலி.

நாலைந்து நாள் அந்தக் குரல் கேட்டது. அப்புறம் செய்தி பரவிவிட்டது போல, ஒருத்தரும் வரவில்லை. ஆள் வராததால் குரலும் வரவில்லை. பூவெல்லாம் செடியிலேயே வாடி விழுந்தது. பாவி மனுஷன், இருந்ததையும் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டார்.

மார்கழிக் குளிரில் ஒரு நாள் விடிகிறபோது காளிதாஸ் குரங்குக் குல்லாயை மாட்டினார், மூக்கு வரைக்கும் மஃப்ளரைச் சுற்றினார். பின்கதவு வழியாக வெளியேறி, பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றித் தன் வீட்டு வாசலுக்கே வந்தார். கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு நந்தியாவட்டையைப் பறித்தார்.

"யாரு ரீ அது?"

வந்துவிட்டான்! உடம்பெல்லாம் சிலிர்த்தது. இன்னொன்றைப் பறித்தார்.

"ஏன் ரீ, வயசானவரு, நாச்சிகே இல்வா?" வெட்கமில்லையா என்றான். திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும். மூன்றாவதைப் பறித்தார். பிரசாந்த் கன்னடத்தில் தொடர்ந்தான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. உள்ளே எங்கப்பா தனியாக இருக்கிறார், தூங்குகிற நேரம், அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்றான்.

காளிதாஸின் கை கிளையிலேயே நின்றுவிட்டது. குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு கன்னடத்திலேயே கேட்டார்: "தனியா ஏன் இருக்காரு? பிள்ளைங்க இல்லையா?"

கேட்டிருக்கக் கூடாதோ என்று பறித்த பூவை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். இனி இந்தக் குரலும் இல்லை என்று திரும்பி நடக்கப் போனார்.

அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. அப்பாவைக் கூப்பிடுவது பிரசாந்த்தான்.

அவர் எடுக்கவில்லை. அணைக்கவும் கை வரவில்லை. அது அடிக்கிற சத்தம் கேமரா வழியாகப் புனேக்கும் போய்க்கொண்டிருந்தது.

"அப்பா?" என்றான் பிரசாந்த், தமிழில். "அது நீயா?"

காளிதாஸ் குல்லாயைக் கழற்றினார். திரும்பிக் கேமராவை நிமிர்ந்து பார்த்தார். வெட்கம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம்.

"நான்தான்டா," என்றார். "யாரும் வரமாட்டேங்கறாங்க. நீயாவது இன்னும் கொஞ்ச நேரம் திட்டு, கேட்டுக்கிட்டு நிக்கறேன்."