சம்பந்தி வரும் ஞாயிற்றுக்கிழமை

பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டர் ஒன்றைப் பார்த்து வாங்கப் போன இடத்தில், அதன் சொந்தக்காரர் என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். விளம்பரத்தில் ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று போட்டிருந்தார். வாங்குகிறவரும் நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்பதை நேரில்தான் சொன்னார்.

“எங்க வைப்பீங்க?”

“ஜன்னல் பக்கத்துல சார்.”

“வெயில் படுமே!”

“திரை போட்டுடுவேன்.”

“வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?”

“நானும் அம்மாவும் மட்டும்தான் சார்.”

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, “வீட்ல இருக்கறதே நாங்க ரெண்டு பேர்தான்னு சொல்ல வந்தேன்” என்று அவசரமாகத் திருத்தினேன்.

கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். அவ்வப்போது வந்து பார்ப்பார். சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தால் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். எந்தக் கடையிலும் ஒருவர் இப்படிப் பேசினால் எழுந்து வந்திருப்பேன். ஆனால் நான் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் எல்லாம் பனி கொட்டும் ஏதோ ஓர் ஊரில், யாரோ ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். அருகில் இரண்டு சக்கரங்கள் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சக்கரங்களுக்காக நான் அலையாத இடமில்லை. ஒருவர் விற்ற மிஷினுக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. இன்னொருவரிடம் மூடி மட்டும்தான் இருந்தது. அதனால் லிஃப்ட் மெக்கானிக் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன்.

டாக்ஸியின் பின் இருக்கையில் மிஷினை வைத்து சீட் பெல்ட்டும் போட்டுவிட்டார். நான் முன்னால் உட்கார்ந்தேன். வண்டி திரும்பும்வரை தெருவிலேயே நின்றார். இதைக் கேட்ட அம்மா, “பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டு நிக்கற மாதிரி இல்ல நின்னிருக்காரு” என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் சம்பந்தி.

சம்பந்தி ஒரு ஞாயிறு தவறாமல் வந்தார். மிஷினைப் பார்க்காமல் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். நாடா உரசிப் போகும் இடத்தைப் பஞ்சால் துடைத்து, பஞ்சைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்.

“கொஞ்சம் சோர்ந்த மாதிரி இருக்காளே.”

“இங்க ஒரு குறையும் வைக்கல சார்” என்பாள் அம்மா, சிரிக்காமல். அவர் போன பிறகு சமையலறைக்குள் போய்ச் சிரிப்பாள்.

என்னிடம் இருந்தது இரண்டே ரீல்தான். ஒன்றில் பறவைகளின் சத்தம். இன்னொன்றில், எனக்குத் தெரியாத மொழியில் ஓர் ஆள் எதையோ வாசித்துக்கொண்டிருந்தார். அது நாவல் என்று நான் முடிவு செய்திருந்தேன். “காய்கறி விலை வாசிக்கறான்டி” என்பாள் அம்மா. எதுவானாலும் சரி, வேலை விட்டு வந்து அந்தக் குரலைக் கேட்காவிட்டால் எனக்கு அன்றைய நாள் முடியாது.

ஒரு வாரம் மிஷின் கீச்சிட ஆரம்பித்தது. உள்ளே கட்டைவிரல் நுனி அளவில் ஒரு ரப்பர் உருளை உண்டு. சுழலும் ஓர் இரும்புக் குச்சியோடு நாடாவைச் சேர்த்து அழுத்தி, அதை இழுத்துச் செல்வது அதுதான். சத்தம் அங்கிருந்துதான் வந்தது. கதவு கீச்சிட்டால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். அம்மாவின் தையல் மிஷின் எண்ணெயை எடுத்து ரப்பரின் மேல் தாராளமாக விட்டேன்.

கீச்சொலி நின்றது. கூடவே மற்றதெல்லாம் நின்றது. எண்ணெய் குடித்த ரப்பர் வழவழவென்றாகி, நாடாவை இழுப்பதற்குப் பதில் தன்மேலேயே சுற்றிக்கொண்டது. வாசித்துக்கொண்டிருந்த ஆளுக்கு நாக்குக் குழறியது. மிச்ச நாடா தரையில் கொட்டியது. முடிதிருத்தும் கடை மாதிரி இருந்தது எங்கள் கூடம்.

புது உருளை எங்கே கிடைக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. சம்பந்தியிடம் கேட்டால் மிஷின் போய்விடும். ஸ்பிரிட்டால் துடைத்தேன். சோப்புப் போட்டேன். “முகத்துல எண்ணெய் வழிஞ்சா என்ன பண்ணுவோம்? பவுடர் போடு” என்றாள் அம்மா. போட்டேன். ஆச்சரியம், நாடா ஒழுங்காக ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை அழைப்பு மணி அடித்தது. சம்பந்தியோடு முதல் தடவையாக அவர் மனைவியும் வந்திருந்தார். சம்பந்தி நேரே மிஷினிடம் போய் மூக்கை உறிஞ்சினார்.

“என்ன, பவுடர் வாசனை வருது?”

“நான் இப்பதான் சார் குளிச்சேன்” என்றாள் அம்மா.

அவர் பறவை ரீலை மாட்டினார். பறவைகள் கொஞ்ச நேரம் அழகாகக் கூவின. பிறகு அதில் ஒன்று மெல்ல மெல்ல எருமையாக மாறியது. நாடா துள்ளி வெளியே விழுந்தது.

அவர் உருளையைத் தொட்டு, விரலை முகர்ந்தார்.

“ரப்பர்ல எண்ணெய் விட்டிருக்கு இந்தப் பொண்ணு.”

“தெரியாம பண்ணிட்டேன் சார்.”

“தெரிஞ்சு யாரும்மா கொல்லுவாங்க?” என்றவர் மனைவி பக்கம் திரும்பினார். “எந்திரி. டாக்ஸியைக் கூப்பிடு. நம்ம பொண்ண நாம கூட்டிட்டுப் போயிடலாம்.”

அந்த ஆள் வாசித்தது நாவலா, காய்கறி விலையா என்று இனி தெரியப்போவதே இல்லை.

மனைவி சோபாவிலிருந்து அசையவில்லை. “அது உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்.”

“ஏய், என்ன பேசற?”

“இத்தனை வருஷமா என் சாப்பாட்டு மேஜைல உக்காந்திருந்தது. இப்பதான் மேஜைல தட்டு வெச்சு சாப்பிடறேன்.” என் அம்மாவிடம் திரும்பினார். “அத வித்ததுல இருந்து இவருக்குக் கை சும்மா இருக்க மாட்டேங்குதுங்க. அயர்ன் பாக்ஸைப் பிரிச்சாரு. காலிங் பெல்லைப் பிரிச்சாரு. நேத்து என் காது மிஷினைக் கேக்கறாரு, சும்மா பாத்துட்டுத் தரேன்னு!”

பதில் சொல்ல வாயெடுத்தவரின் கையில் எப்போது ஸ்க்ரூடிரைவர் வந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. திட்டிக்கொண்டே மேல் மூடியைக் கழற்றியிருந்தார்.

“இப்ப தூக்கினா எண்ணெய் மோட்டார் வரைக்கும் இறங்கிடும்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். “இங்கயே வெச்சுதான் பாக்கணும்.”

ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய்கூட நான் மிச்சம் வைக்கவில்லை. ஆனாலும் பயங்கரமாகத் தலையாட்டினேன்.

“அடுத்த வாரம் புது உருளை கொண்டு வரேன். அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது. முக்கியமா நீ!” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அம்மாவிடம் டார்ச் கேட்டு வாங்கி, மிஷினுக்குள் தலையை விட்டார். உள்ளிருந்து சீட்டியடிக்கும் சத்தம் கேட்டது.

அவர் மனைவி மெல்ல எழுந்து என்னை வாசல் பக்கம் இழுத்துப் போனார்.

“அந்த ரப்பரை மாட்டிட்டா அப்புறம் இதுல வேற என்னம்மா கெட்டுப் போகும்?”

ஞாயிறுதோறும் சம்பந்தி முணுமுணுத்ததையெல்லாம் நினைவுபடுத்திப் பார்த்தேன். “பெல்ட் தளர்ந்துடும் ஆன்ட்டி. பிரேக் தேயும். உள்ள இருக்கற கண்டென்சர்லாம் ரொம்பப் பழசு, ஒவ்வொண்ணா போகும்.”

சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாத்தையும் ஒரே வாரத்துல அவர்கிட்ட சொல்லிடாத, கண்ணு.”