செவலையின் தொண்டைக்குள்

ஐம்பத்தெட்டாம் வருஷம், ஆனி மாதம். ஆள் நிழல் கண்டாலே குலைத்துத் தெருவைக் கூட்டும் செவலை நாய், இரண்டு நாளாய்க் கட்டிலுக்கடியில் சுருண்டு கிடந்தது. குலைப்பு கம்மிப்போய், கீழ்த்தாடை தொங்கி, எச்சில் வடிந்தது. நாய் ஆளே மாறிக் கிடந்தாலும் நமக்குத் தொண்டையில் சிக்கின எலும்பு ஞாபகம்தான் வரும், என்ன புத்தியோ! குருவம்மாள் அதன் தொண்டைக்குள் விரல் விட்டுத் துழாவினாள். காலையில் அருவாமணை கிழித்த விரல் அது.

சாயங்காலம் கடையடைத்து வந்த அவள் புருஷன் பலவேசம், "எலும்புதாம்ட்டி. அவன் முழியே சொல்லுதே" என்று தம் பங்குக்குக் கையை விட்டார். பல் கீறியதுதான் மிச்சம்.

மறுநாள் மேலகரத்திலிருந்து சாக்கில் சுற்றித் தென்காசி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"எலும்பு இல்ல அண்ணாச்சி, வெறி" என்றார் டாக்டர். "ஓடிக் கடிக்கிறது மட்டுமா வெறி? இப்படி இருட்டுல பதுங்குறதும் வெறிதான். குணம் மாறின அன்னைக்கே கொண்டு வந்திருக்கணும். வாய்க்குள்ள கை விட்டது யாரு?"

"நான்தான்" என்றார் பலவேசம்.

"அப்ப தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி. வருஷம் கழிச்சுக்கூட வரும், விளையாடாதீங்க. வேற யாரும் தொட்டாங்களா?"

குருவம்மாளின் கை தன்னால் வயிற்றுக்குப் போனது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, இப்போதுதான் மூன்று மாதம்.

"வேற யாருமில்ல" என்றாள்.

செவலை அன்றைக்கே செத்தது. பலவேசம் ஊசி போட்டுக்கொண்டு திடமாக நடமாடினார். அவள்தான் செத்துச் செத்துப் பிழைத்தாள். வெறி கண்டவருக்குத் தண்ணீர் இறங்காது, காற்றுப் பட்டாலே உடம்பு வெட்டி இழுக்கும் என்று ஊருக்கே தெரியும். விடிந்ததும் செம்புத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பாள். இறங்கினால் அன்றைய பொழுது அவளுக்கு. குற்றாலத்துச் சாரல் முகத்தில் பட்டால் ஊரே குளிர்ந்துபோகும். அவள் மட்டும் உடம்பு வெட்டுகிறதா என்று மூச்சைப் பிடித்து நிற்பாள். கட்டிலுக்கடியில் பெருக்கவே மாட்டாள். அங்கே ஏதோ மூச்சிரைப்பது அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவச்சி சுல்தான் பீவி சங்கில் சீனித்தண்ணீர் புகட்டினாள். குழந்தை முகம் சுளித்து வெளியே தள்ளியது.

"ஐயோ, பிள்ளைக்குத் தண்ணி எறங்க மாட்டேங்குதே!" என்று அலறினாள் குருவம்மாள்.

"ஏட்டி, பச்சப்பிள்ள துப்பத்தான் செய்யும்" என்று மருத்துவச்சி சிரித்தாள்.

குருவம்மாள் அடங்கவில்லை. விரல், நாய், சொன்ன பொய் எல்லாவற்றையும் கொட்டி அழுதாள். வாசலில் நின்ற பலவேசம் அத்தனையும் கேட்டுவிட்டு உள்ளே வந்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தாள். அவர் சங்கை வாங்கி ஒரு சொட்டு விட்டார். குழந்தை துப்பியது. இன்னொரு சொட்டு விட்டார். விழுங்கியது.

"போதும் அண்ணாச்சி" என்றாள் மருத்துவச்சி. அவர் குழந்தையின் தொண்டையிலேயே கண்ணை வைத்து அடுத்த சொட்டையும் விட்டுப் பார்த்தார்.