அசருக்கு முந்தி

நேரத்தைப் பற்றி மஜீட்டுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. கல்முனைக்குடியில் அவருடைய ஒழுங்கையிலிருந்து வருஷா வருஷம் சுற்றுலா போகும் நாலு குடும்பத்துக்கும் வான் பேசுவது, தங்க இடம் பார்ப்பது, எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தாளில் அடித்து லாமினேட் பண்ணி வீட்டுக்கொன்று கொடுப்பது எல்லாம் அவர்தான். ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிற மனுசனுக்கு ஏன் இந்தத் தலையிடி என்று கேட்டால், "நான் இல்லாட்டி இவங்க அம்பாறையைத் தாண்ட மாட்டாங்க" என்பார். சும்மா சொல்லக்கூடாது, பதினொரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவருடைய பயணம் பிந்தியதில்லை. அந்தப் பெருமைதான் கடைசியில் மனுசனைக் கெடுத்தது.

இந்த முறை மூன்று நாள். முதல் நாள் இங்கினியாகலைக் குளமும், புதுருவகலையில் பாறையில் செதுக்கிய பெரிய பெரிய சிலைகளும். இரண்டாம் நாள் எல்ல மலை, அங்கிருந்து இறங்கித் திஸ்ஸ. மூன்றாம் நாள் விடியற்காலையில் யால காட்டுக்குள் ஜீப் சவாரி. வீடு திரும்பும் வழியில் லகுகலைக்குப் பக்கத்தில் மகுல் மகா விகாரை, அதோடு சரி.

மூன்றாம் நாள் காலை ஜீப்புகள் காட்டை விட்டு வெளியே வந்து, போனுக்கு சிக்னல் பிடித்த அந்த நிமிஷமே மஜீட்டின் போன் அடித்தது. மணி ஒன்பது நாற்பது. எடுத்தால் பதியுதீன். மஜீட்டின் அடுத்த வளவுக்காரி பாத்தும்மாவின் மகன்.

"நானா, உம்மா மௌத்தாகிட்டா."

மஜீட் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பத்தடி தள்ளி, மரத்தடியில், பாத்தும்மாவின் தங்கச்சி நாச்சியா நின்றுகொண்டிருந்தாள். புலியைக் காணவில்லை என்று சிணுங்கிய பிள்ளையொன்றிடம், "நாமதானே மகன் புலியைக் காணல்ல, அது நம்மளக் கண்டிருக்கும்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா லில்லாஹி... எப்ப மகன்?"

"எட்டு மணிக்கு. சுபஹு தொழுதிட்டுப் படுத்தவ, நெஞ்சு நோகுது எண்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே முடிஞ்சி. சாச்சிக்கு இப்ப சொல்லிராதீங்க. உம்மாக்குக் கடுமை எண்டு மட்டும் சொல்லிக் கூட்டிட்டு வாங்க. சாச்சி முகம் பாக்காம எடுக்க எனக்கு மனமில்ல. எத்தினை மணிக்கு வந்து சேருவீங்க நானா? அசரோட எடுக்கலாமா, இல்ல மஃரிபுக்கு வெப்பமா? பெரியாக்கள் கேக்கிறாங்க."

மஜீட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணித்தியால ஓட்டம். அசர் தொழுகை மூன்றரைக்கு.

"அசரோட வைங்க. அசருக்கு முந்தி வந்திருவம். நான் பொறுப்பு."

பொழுதுபட்டு மஃரிபுக்கு வையுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், மூன்று மணித்தியாலம் சும்மா கையில் கிடைத்திருக்கும். மையத்தை, மௌத்தானவரின் உடலை, காக்க வைக்கக்கூடாது என்பது ஒன்று. மஜீட்டால் பிந்தினது என்று ஊர் சொல்லக்கூடாது என்பது இன்னொன்று. இரண்டில் எது அவருடைய வாயைத் திறந்தது என்று கேட்டால் இன்றைக்கும் சொல்ல மாட்டார்.

தூர இடத்தில் நிற்கிற ஒருவருக்கு மௌத்தை மௌத்து என்று சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. 'கடுமை, கெதியா வாங்க' என்பார்கள். கேட்கிறவரும் பாதி விளங்கியும் பாதி விளங்காத மாதிரியும் அழுதுகொண்டே வந்து சேர்வார். அந்தச் சொல்லுக்குள் எல்லாம் இருக்கும். மஜீட்டுக்கோ அதைச் சொல்லவும் நாக்கு வரவில்லை. இவள் இந்தக் காட்டு வாசலிலேயே விழுந்துவிடுவாளே என்று பயந்து, அந்தச் சொல்லையும் தண்ணீர் ஊற்றிக் கலக்கினார்.

"நாச்சியா, ராத்தாக்குக் கொஞ்சம் சுகமில்லையாம். பிரஷர் கூடிட்டாம். வெளிக்கிடுவம்."

நாச்சியாவின் சிரிப்பு நின்றது. "அவவுக்கு எந்த நாளும் பிரஷர்தானே" என்றாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டே மெல்லக் கேட்டாள். "ராத்தா என்னைக் கேட்டாவா நானா?"

மஜீட் என்ன சொல்வார்? "ஓம்" என்றார்.

அந்த ஒரு ஓம் அவளுடைய முகத்தில் செய்த வேலையைப் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை. எட்டு மாதமாக அக்காவும் தங்கச்சியும் கதை பேச்சில்லை. நாச்சியாவின் மகளுக்குக் கல்யாண நாள் குறித்த செய்தி, முதலில் ராத்தாவுக்குப் போக வேண்டியது, மீன் வாங்க வந்த யாரோ ஒருத்தியின் வாயால் போய்ச் சேர்ந்தது. நாச்சியா மறந்துபோனாள், அவ்வளவுதான். பாத்தும்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. உம்மா மௌத்தான பிறகு நாச்சியாவைத் தூக்கி வளர்த்தவள் அவள். கல்யாணத்துக்கும் வரவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சின்ன மதில்தான். அந்த மதிலுக்கு இந்தப் பக்கம் இவளும் அந்தப் பக்கம் அவளும் எட்டு மாதம் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு சீவித்தார்கள்.

மஜீட் வானுக்குப் பின்னால் போய் மனைவி முனவ்வறாவிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு காரியத்தில் இறங்கினாள். ஊரில் ஒரு மௌத்தென்றால் அரை மணித்தியாலத்தில் எல்லார் போனிலும் வந்துவிடும். "நாச்சியா, யால படமெல்லாம் எனக்கு அனுப்பவேணும், போனைத் தாகா" என்று வாங்கி, நிறுத்தி, தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். வான் நகர்வதற்குள் காதோடு காதாக மற்றவர்களுக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது. பதினாலு பேருக்குத் தெரிந்த ஒன்று பதினைந்தாவது ஆளுக்குத் தெரியாமல் வான் புறப்பட்டது.

போனைக் கேட்பாளோ என்று மஜீட் பயந்துகொண்டிருந்தார். அவள் கேட்கவில்லை. "போன்ல என்னத்தக் கதைக்கிற? நேர போய் ராத்தாட காலைப் புடிக்கன். ஏசினா ஏசட்டும். ரெண்டு அடி அடிச்சாலும் பரவால்ல" என்று முனவ்வறாவிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். முனவ்வறா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புத்தல வீதியில் ஒரு கொம்பன் யானை நடுத் தெருவில் நின்றது. அந்த வீதி யானைகளுக்கு அது தொழில், வாகனத்தை மறித்துச் சாப்பாடு வாங்காமல் விடாது. முன்னால் ஏழெட்டு வாகனம். பழக்குலையும் பாணும் கொடுத்துக் கொடுத்து ஒவ்வொன்றாக நழுவி வெளியே வர முப்பத்தைந்து நிமிஷம் போனது. போகும்போது இதே யானையென்றால் எல்லாரும் கத்திக் கூத்தடித்திருப்பார்கள். இப்போது ஒரு சத்தமில்லை.

"என்ன எல்லாரும் மையத்து ஊட்டுல இருக்கிற மாதிரி இருக்கீங்க?" என்றாள் நாச்சியா.

மொனராகலையில் லுஹர் தொழுது, சாப்பாட்டைப் பார்சலாகக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டால், ஊர் எல்லையில் ரோட்டோரத்தில் தோடம்பழக் கடை. "நிப்பாட்டுங்க தம்பி, ராத்தாக்கு நல்ல விருப்பம்" என்று நாச்சியா கத்தினாள். டிரைவர் கிளெய்டன் கண்ணாடிக்குள்ளால் மஜீட்டைப் பார்த்தான். மஜீட் தலையாட்டினார். அவள் ஒவ்வொரு பழமாக எடுத்து, அமுக்கி, மணந்து, திருப்பி வைத்து, வேறொன்றை எடுத்தாள். சாகக்கிடக்கிற ஆளுக்கென்று நினைத்திருந்தால் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வந்திருப்பாள். கொஞ்சம் சுகமில்லாத ஆளுக்கல்லவா? பார்த்துப் பார்த்துத்தானே வாங்குவாள்! ஓடிப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வரலாம் போல மஜீட்டின் கால் துடித்தது. கால் துடித்ததே தவிர ஆள் அசையவில்லை.

லகுகலையை நெருங்கும்போது இரண்டு மணி தாண்டிவிட்டது. மகுல் மகா விகாரைக்குத் திரும்பும் பலகையைக் கண்டதும் நாச்சியா எழும்பினாள்.

"நானா, அஞ்சு நிமிஷம். ராத்தாட ஸ்கூல்ல ட்ரிப் வந்த இடம் இது. வாப்பா அவவ மட்டும் விடல்ல. அழுதழுது இருந்தவ. ஒரு போட்டோ எடுத்துக் காட்டினா சிரிச்சிருவா. கோவமெல்லாம் போயிரும்."

"ஏலாது! நேரமில்ல, இருங்க!" இவ்வளவு சத்தமாகக் கத்தியது மஜீட்டுக்கே தெரியவில்லை. வானுக்குள் தூங்கிய பிள்ளையொன்று விழித்து அழுதது.

நாச்சியா உட்கார்ந்தாள். "ஏன் நானா ஏசுறீங்க? ராத்தாட்ட வெறுங்கையோட போகப் பயமா இருக்கு. அதுக்குத்தான் கேட்டன்" என்றாள். கண்ணீர் ஓடியது.

அந்த அழுகையைப் பார்த்துக்கொண்டு அவரால் இருக்க முடியவில்லை. இன்றைக்கு அழத்தானே போகிறாள், இப்போதாவது அழாமல் இருக்கட்டும் என்று நினைத்தார். "திருப்பு தம்பி" என்றார். நல்ல மனசுதான். யார் இல்லையென்றது?

முந்தி ஒரு ராசாவுக்குக் கல்யாணம் நடந்த இடமென்று சொல்வார்கள். கல்தூண்களும் படிகளும் காட்டுக்குள் அமைதியாக நின்றன. நாச்சியா ஒரு தூணடியில் நின்று, "சிரிச்ச மாதிரி எடுகா" என்றாள். முனவ்வறா எடுத்தாள். ஆடிய படம் சரியில்லையென்று இன்னொன்று, பிறகு மற்றத் தூணடியில் ஒன்று.

வானடியில் கிளெய்டன் மஜீட்டிடம் வந்தான். "நானா, நான் சொல்றனெண்டு குறை நினைக்காதீங்க. எங்கட ஆக்களெண்டா ரெண்டு நாள் வெச்சிருப்பம், எங்க இருந்தாலும் வந்து சேரலாம். உங்கட ஆக்கள் வைக்க மாட்டாங்க தானே? இப்பயாவது சொல்லிருங்க. அவவே போன் எடுத்து, வையுங்க எண்டு கேக்கட்டும்."

அந்த நேரம் பார்த்துப் பதியுதீன் போன் எடுத்தான். "நானா, குளிப்பாட்டிக் கபன் துணி சுத்தி வெச்சிருக்கு. எங்க நிக்கிறீங்க? சுணங்குமெண்டா சொல்லுங்க, மஃரிபுக்குப் போடுவம்."

"பொத்துவில் தாண்டிட்டம் மகன்" என்றார் மஜீட். "வந்துட்டே இருக்கம்."

வீட்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே 'பஸ் ஏறிட்டன்' என்று சொல்கிற ஊர் எங்களுடையது. ஒரு நாளும் யாருக்கும் அதனால் குடி முழுகியதில்லை. கிளெய்டன் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு அவன் ஓட்டிய ஓட்டத்துக்கு அல்லாஹ்தான் காவல். பொத்துவில்லை உண்மையாகத் தாண்டும்போது மூன்று மணியாகிவிட்டது. அக்கரைப்பற்றில் நாலு. அங்கே ஒரு தடவை போன் அடித்தது. மஜீட் எடுக்கவில்லை. என்னத்தைச் சொல்ல? அட்டாளைச்சேனை, நிந்தவூர், சாய்ந்தமருது என்று ஒவ்வொரு ஊரும் வந்து வந்து போனது. பிந்தி எடுப்பார்கள், மௌலவி பிந்துவார், குழி வெட்டுகிறவன் பிந்துவான், யாராவது பிந்துவார்கள் என்று மனதுக்குள் மன்றாடிக்கொண்டே வந்தார்.

கல்முனைக்குடி மெயின் ரோட்டில் வான் நின்றது. முன்னால் ஜனாஸா ஊர்வலம். தொப்பி போட்ட ஆம்பிளைகள் தெருவை நிறைத்து, சந்தூக்கைத் தோளுக்குத் தோள் மாற்றிக்கொண்டு மையவாடிப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சந்தூக்கின் மேல் பச்சைத் துணி.

நாச்சியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஆரு பெத்த புள்ளையோ, பாவம். நல்ல சனம் வந்திருக்கு. யா அல்லாஹ், இந்த மையத்துட கபுறை வெளிச்சமாக்கி வையி." மனசாரத்தான் துஆக் கேட்டாள். வானுக்குள் ஒருவரும் ஆமீன் சொல்லவில்லை.

ஆமீன் வராததால் அவள் திரும்பிப் பார்த்தாள். முனவ்வறாவின் முகத்தைப் பார்த்தாள். மற்றவர்களுடைய முகங்களைப் பார்த்தாள். திரும்பவும் ரோட்டைப் பார்த்தபோது, சந்தூக்கின் முன் காலைத் தோளில் தாங்கிக்கொண்டு போகிறவன் பதியுதீன் என்று கண்டாள்.

கதவைத் திறந்துகொண்டு எப்படி இறங்கினாள் என்று யாருக்கும் தெரியாது. தோளை மாற்றிக் கொடுத்துவிட்டுப் பதியுதீன் ஓடி வந்தான்.

"சாச்சி! நாலு மணி மட்டும் வெச்சிருந்தம் சாச்சி. பொத்துவில் தாண்டிட்டம் எண்டு நானா சொன்னதால மஃரிபுக்குப் போடல்ல. பெரியாக்கள் இனிக் காக்க வைக்க ஏலாது எண்டு எடுத்திட்டாங்க."

"எப்ப மௌத்து?"

"காலையில எட்டு மணிக்கு."

நாச்சியா மஜீட்டைப் பார்த்தாள். கத்துவாள், மண்ணை அள்ளித் தூற்றுவாள் என்று அவர் நினைத்தார். அப்படி ஏதாவது செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஊர்வலத்துக்குப் பின்னால் நடந்தாள். மையவாடி வாசல் வரைக்கும் நடந்தாள். எங்கள் ஊரில் பெண்கள் அதற்கு அப்பால் போவதில்லை. மதிலைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றாள்.

மஜீட் உள்ளே போனார். அவர் ஆம்பிளை, அவருக்குத் தடையில்லை. முகத்தைத் திறந்து காட்டச் சொல்லிப் பெரியவர்களிடம் கேட்போமா என்று நினைத்துக் கிட்டப் போனபோது பாத்தும்மாவைக் குழிக்குள் இறக்கிவிட்டிருந்தார்கள். எல்லாரோடும் சேர்ந்து அவரும் மூன்று பிடி மண் போட்டார். அந்த மனுசியோடு அவர் ஆயுசில் மொத்தமாக ஐம்பது வார்த்தை பேசியிருப்பாரோ என்னவோ. இரத்தச் சொந்தம் வெளியே நின்றது. பக்கத்து வளவுக்காரன் மண் போட்டான். அதை நினைத்ததும் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாருக்கும் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

சனம் கலைந்து போன பிறகு வெளியே வந்தார். முனவ்வறாவின் தோளில் சாய்ந்தபடி நாச்சியா அதே இடத்தில்தான் நின்றாள்.

"மாப்புத் தாங்க தங்கச்சி" என்றார் மஜீட். "நீங்க அழுவீங்களே எண்டுதான் சொல்லல்ல. அல்லாஹ்வுக்காக என்னைப் பொறுத்துக்கங்க."

நாச்சியா அவரை நிமிர்ந்து பார்த்தாள். குரலில் கோபமில்லை.

"நீங்க கேட்டுட்டீங்க நானா, நான் பொறுத்துக்கிட்டன். நான் ஆரிட்டப் போய்க் கேக்கிற?"